இளவரசியின் மூன்றாம் பேச்சு

அந்த நாடகத்தில் இளவரசிக்கு மூன்று பேச்சு. முதல் பேச்சில் கெஞ்சுவாள், இரண்டாம் பேச்சில் எதிர்த்து நிற்பாள், மூன்றாம் பேச்சு முடிந்ததும் கடலில் குதித்துச் செத்துப் போவாள். மூன்றும் இங்கிலீஷ். சும்மா கடைகண்ணியில் பேசுகிற இங்கிலீஷ் இல்லை, நானூறு வருஷத்துக்கு முந்தினது, இன்றைக்கு எந்த வெள்ளைக்காரனும் வாயில் வைக்காதது. ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஷஹீராவுக்கு மூன்றும் தலைகீழ்ப் பாடம். குளிக்கும்போது சொல்வாள், ஸ்கூல் பஸ்ஸில் சொல்வாள், தங்கச்சிகளுக்குத் தலை வாரிவிடும்போது சொல்வாள். சின்னவள் ஒருநாள், “ராத்தா, அந்தப் பொண்ணு இன்னுமா சாகல?” என்று கேட்டே விட்டாள்.

கதை ரொம்ப எளிது. ஒரு குட்டி ராஜ்ஜியம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ராஜா. சண்டை ஓய வேண்டுமென்றால் உன் மகளைக் கொடு என்கிறான் அவன். அப்பன்காரன் மகளை ஒரு வார்த்தை கேட்காமல் தலையை ஆட்டிவிடுகிறான். அவள் போய் வாழ்வதற்கென்று அக்கரையில் அவனே ஒரு கோபுரமும் கட்டி முடித்துவிட்டான். இந்தக் காலத்துப் பெண் என்றால் ‘போய்யா’ என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள். பழைய நாடகத்தில் அதற்கெல்லாம் வழி கிடையாது. பக்கம் பக்கமாக வசனம் பேசிவிட்டுத்தான் சாக வேண்டும்.

பையன்களுக்கு மத்தியான ஷிஃப்ட், பெண்களுக்குக் காலை ஷிஃப்ட் என்பதால், பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குத் தயாராகிற அந்த நாடகத்தில் இளவரசியின் தகப்பனான ராஜாவும் பெண்தான். அகிலா என்கிற குண்டுப் பெண், ஷஹீராவின் சிநேகிதி, மீசை வரைந்துகொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த மீசை வேர்வையில் வழிந்து தாடியாகிவிடும். இளவரசி காலில் விழுந்து கெஞ்சுகிற இடத்தில் ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். இங்கிலீஷ் டீச்சர் வசந்தகுமாரி மிஸ் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். பல மாதங்கள் அப்படித்தான் சிரிப்பும் கூத்துமாகப் போனது.

அப்புறம்தான் அஸீமின் பேச்சு வீட்டுக்குள் வந்தது.

ஷஹீராவின் வாப்பா சதக்கத்துல்லாவுக்கு ஷார்ஜா ரோலா கடைத்தெருவில் சூட்கேஸ், கம்பளி விற்கிற கடை. லீவில் ஊருக்குப் போகிற ஆட்கள் அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள். மனிதர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். பெட்டியின் சக்கரம் போய்விட்டது என்று யாராவது சண்டைக்கு வந்தால்கூட, “குடுங்க தம்பி, மாத்தித் தர்றேன்” என்று வேறு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒருநாள் மத்தியானம் கடை சாத்திவிட்டுச் சாப்பிட வந்தவர், மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“கௌஸ் காக்கா ஒரு இடம் கொண்டுவந்திருக்காரு. நம்ம ஊருப் பையன்தான். அஸீம்னு பேரு. ரியாத்ல, பத்தா பஜார்ல சொந்தமா மொபைல் கடை வச்சிருக்கான். அஞ்சு நேரத் தொழுகை. சிகரெட்டுகூடக் கிடையாதாம்.”

யாருக்கு இடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தங்கச்சிகள் இரண்டு பேரும் ஒன்றாக ராத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். உம்மா குழம்புச் சட்டியைப் பார்த்தாள்.

அவர்களுடைய ஊரான காயல்பட்டினத்தின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண் வீட்டுக்கு வருவான். அதனால் ஒரு பெண் பிறந்துவிட்டால் தகப்பன் அவளுக்கென்று ஒரு வீடு கட்ட ஆரம்பித்துவிடுவான். சதக்கத்துல்லாவும் கட்டினார். ரோலாவில் ஒற்றைப் படுக்கையறைக்குள் ஐந்து பேரை அடைத்து வைத்துக்கொண்டு, ஊரில் ஷஹீராவுக்கு மாடி வீடு கட்டினார். முகப்பில் சலவைக்கல்லில் ‘ஷஹீரா மன்ஸில்’ என்று பொறித்தாகிவிட்டது. அதில் அவள் இருப்பாள். அஸீம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான், போவான். இடையில் போனில் பேசுவான். பிள்ளைகள் பிறக்கும். அவள் உம்மாவின் சிநேகிதிகள் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். கேட்டால், “நமக்கென்ன குறை, அல்ஹம்துலில்லாஹ்” என்பார்கள். குறையில்லைதான். ஆனால் ஷஹீரா ஷார்ஜாவில் பிறந்து ஷார்ஜாவில் வளர்ந்தவள். அந்த ஊரை அவளுக்குக் கோடை லீவில் மட்டும்தான் தெரியும். கல்லூரியில் சேர்ந்து இலக்கியம் படிக்க வேண்டும், வசந்தகுமாரி மிஸ் மாதிரி ஒரு வகுப்பறையில் நின்று ஸ்கேலால் மேஜையைத் தட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அவ்வளவுதான், பெரிய ஆசைகூடக் கிடையாது.

“நான் காலேஜ் படிக்கணும் வாப்பா” என்றாள்.

“படியேன். ஊருலயே பொம்பளப் புள்ளைங்க காலேஜ் இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல சரின்னா நீ படி, எனக்கென்ன?” என்றார் வாப்பா. அப்புறம், “பரீச்சை முடிஞ்சு, லீவுக்குப் போறப்போ நிக்காஹ்வ முடிச்சிரலாம், இன்ஷா அல்லாஹ்” என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

வீடு கட்டும்போது ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்டார் வாப்பா. தரைக்கு எந்தக் கலர் டைல்ஸ், குளியலறையில் எந்தப் பக்கம் கண்ணாடி, மாடி ஜன்னலுக்கு எந்த மாதிரி கம்பி என்று போட்டோ போட்டோவாகக் கொண்டுவந்து காட்டினார். கல்யாணம் வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவள் மேல் பாய்ந்துவிடாதீர்கள். அடிக்கிற தகப்பனை எதிர்த்துப் பேசிவிடலாம். கதவைச் சாத்திக்கொண்டு அழலாம், ஊரைக் கூட்டலாம். கோடை வெயிலில் கம்பளி மூட்டையைத் தானே சுமந்து இறக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து, ‘ஜன்னலுக்கு இந்தக் கம்பி பிடிச்சிருக்காம்மா?’ என்று கேட்கிறவரிடம் என்ன வாயைத் திறப்பது? பிடிச்சிருக்கு வாப்பா என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

கல்யாணப் பேச்சு வந்த மறுநாள் ஒத்திகையில் மூன்றாம் பேச்சைச் சொல்ல ஆரம்பித்தாள். துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது. இளவரசி தகப்பனைப் பார்த்துச் சொல்கிறாள்: ‘அரசே, எனக்காக நீங்கள் எழுப்பிய கோபுரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எல்லாத் திசைக்கும் சாளரம் வைத்திருக்கிறீர்களாமே. நான் வருந்தக் கூடாதென்று எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள்! அந்த யோசனையில் ஒரு நொடி மிச்சம் பிடித்து, மகளே, உனக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தால், அந்த ஒரு கேள்விக்குள்ளேயே நான் ஆயுசுக்கும் குடியிருந்திருப்பேன்.’ எத்தனையோ தடவை மளமளவென்று சொன்ன வரிதான். அன்றைக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ராஜா அகிலா சிரிக்கவில்லை. “ஏய், என்னடி ஆச்சு?” என்று சிம்மாசனத்தை விட்டு இறங்கி ஓடி வந்தாள்.

வசந்தகுமாரி மிஸ்ஸுக்கோ தலைகால் புரியவில்லை. “இதுதாண்டீ! இதைத்தான் நானும் ஜூன் மாசத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்! இதை அப்படியே பிடிச்சுக்கோ, விட்டுராதே!” என்று கையைத் தட்டினார்.

ஒத்திகை கலைந்ததும் ஷஹீரா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பாவம், கெட்டவர் இல்லை. “போட்டி முடியட்டும்மா. நான் உங்கப்பாகிட்ட வந்து பேசறேன். அதுவரைக்கும் இந்த வலி இருக்கு பாரு, இதை வேஸ்ட் பண்ணாதே, மேடையில கொண்டுவா” என்றார். இப்படி ஓர் அறிவுரையை எந்தப் பாவி உலகத்தில் சொல்வான்? வீடு பற்றி எரிகிறது என்று வந்து நின்றவளிடம், வெளிச்சம் நன்றாயிருக்கிறது, உட்கார்ந்து படி என்று சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

போட்டி துபாயில், ஒரு பெரிய அரங்கத்தில். வாப்பா வாழ்நாளில் முதல்முறையாகச் சாயங்கால நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கோட்டு சூட்டு போட்ட பெற்றோர்களுக்கு நடுவில் உட்காரக் கூச்சப்பட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஷஹீரா மேடையேறினாள். கெஞ்சினாள், எதிர்த்து நின்றாள், மூன்றாம் பேச்சைப் பேசினாள். நடிக்கவே இல்லை. அழுகை அழுகையாகவே வந்தது. குரல் உடைந்த இடத்தில் நிஜமாகவே உடைந்தது. அரங்கம் முழுக்க இங்கிலீஷ் தெரிந்த கூட்டம். எனக்குச் சம்மதமில்லை, என்னை அனுப்பாதீர்கள் என்று ஒரு பெண் நெஞ்சைப் பிளந்து சொல்கிறாள். அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முதல் பரிசு. நடுவராக வந்த வெள்ளைக்கார அம்மாள் ஷஹீராவின் கன்னத்தைப் பிடித்து, எவ்வளவு தத்ரூபம் என்று புகழ்ந்தார். வாப்பாவின் கண் சிவந்திருந்தது. ஒன்றும் பேசாமல் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கேன்டீனில் ஜூஸ் வாங்கி வரப் போய்விட்டார். பெருமையில் வாயடைத்துப் போனார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஷஹீராவும் அப்படித்தான் நினைத்தாள்.

மிஸ் வந்து பேசுவார் என்று ஒரு வாரம் பார்த்தாள். போர்டு பரீட்சை நெருங்கிவிட்டது, போர்ஷன் முடியவில்லை, அது இது என்று நாள் போனது. கடைசியில் அவளே போய் ஞாபகப்படுத்தினாள். “நான் யோசிச்சுப் பார்த்தேம்மா. குடும்ப விஷயத்துல டீச்சர் தலையிட்டா நல்லா இருக்காது. பிரின்சிபால் வரைக்கும் போயிடும். கல்யாணத்துக்கு அப்புறம்கூடப் படிக்கலாமே, எத்தனை பேரு படிக்கிறாங்க” என்றார் மிஸ். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை, பேப்பர் திருத்திக்கொண்டே பேசினார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஷஹீராவுக்கு ஒன்று தோன்றியது. மேடையில் சொன்னால் அது நடிப்பு. மீசை வரைந்த ராஜாவிடம் சொன்னால் கைதட்டத்தான் செய்வார்கள். உண்மையான ஆட்கள் முன்னால், உண்மையான இடத்தில் சொல்ல வேண்டும். வெறுந்தமிழில் சொல்கிற தைரியம் அவளுக்கு இல்லை. ஆனால் அந்த மூன்றாம் பேச்சு இருந்ததே, அதற்குள் நுழைந்துகொண்டால் அவளுக்குப் பயம் போய்விடும். இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஓர் ஆள் பெண் பார்க்க வருகிற கூட்டத்தில் இருந்தால் போதும்.

அப்படி ஓர் ஆள் இருந்தாள். அஸீமின் அக்காள், ஜன்னத்துல் ஃபிர்தௌஸ். துபாயில், தேராவில் புருஷனோடு குடியிருந்தாள். கான்வென்டில் படித்தவள், பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள், வீட்டில் இங்கிலீஷ் நாவலாக அடுக்கி வைத்திருக்கிறாள் என்று இடம் கொண்டுவந்த கௌஸ் முகைதீனே பெருமையாகச் சொல்லியிருந்தார். அஸீமின் உம்மா விசிட் விசாவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் திரை. ஹாலில் ஆண்கள், அதாவது வாப்பாவும் கௌஸ் முகைதீனும். அறையில் பெண்கள். உம்மா தம்மடையும் வட்டலப்பமும் கறி சமோசாவும் செய்து அடுக்கியிருந்தாள். அஸீமின் உம்மா அகலமான முகமும் கலகலப்பான பேச்சுமாக இருந்தாள். ஷஹீராவைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாவணியை விலக்கிக் கூந்தலைப் பார்த்தாள், கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள், குர்ஆன் எத்தனை தடவை முடித்திருக்கிறாய் என்று கேட்டாள். ஜன்னத் பேசவே இல்லை. ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை, என்ன பாடம் எடுத்திருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். சுத்தமான இங்கிலீஷ்.

“ஒரு பைத்துப் பாட்டு படிச்சுக் காட்டு புள்ளெ, குரலைக் கேப்போம்” என்றாள் அஸீமின் உம்மா.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கௌஸ் முகைதீன் சத்தம் போட்டார். “பைத்து எல்லாப் புள்ளையும்தான் படிக்கும் மாமி. இந்தப் புள்ளெ இங்கிலீஷ் நாடகத்துல துபாயையே ஜெயிச்சு வந்திருக்கு. வெள்ளைக்காரி வாயால பாராட்டு வாங்கியிருக்கு. அதச் சொல்லச் சொல்லுங்க!”

“அதெல்லாம் இப்போ எதுக்கு காக்கா? வேணாம். புள்ளெ கூச்சப்படும்” என்று வாப்பாவின் குரல் வந்தது.

“என்ன கூச்சம்? உமக்குத்தான் ஓய் கூச்சம். யல்லா, ஆரம்பிம்மா!”

ஷஹீரா எழுந்து நின்றாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்க இருந்த இடம் அவ்வளவுதான். மூன்றாம் பேச்சை எடுத்தாள். ஆனால் எழுதியிருந்தபடி சொல்லவில்லை. அரசே என்கிற இடத்தில் எல்லாம் வாப்பா என்று சொன்னாள். கோபுரம் வருகிற இடத்தில் வீடு என்றாள். கடலுக்கு அக்கரை என்பதைக் கடலுக்கு அக்கரையில் உள்ள நம் ஊர் என்றாள். நான் படிக்க வேண்டும் என்று நாடகத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள். இந்தக் கல்யாணம் வேண்டாம், நீங்கள் யாரும் என்னைக் கேட்கவே இல்லை, இப்போதாவது கேளுங்கள் என்று இன்னொரு வரியையும் சேர்த்தாள். வாப்பா என்ற ஒரு சொல்லைத் தவிர எல்லாம் இங்கிலீஷ். சொல்லும்போது ஜன்னத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் வரியில் ஜன்னத் லேசாகத் தலை நிமிர்ந்தாள். வாப்பா என்ற சொல் வந்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கடைசி வரியில் ஷஹீராவுக்கு மூச்சு முட்டி, விம்மல் வெடித்துக்கொண்டு வந்தது.

“மாஷா அல்லாஹ்!” என்றாள் அஸீமின் உம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஒரு எழுத்து வெளங்கல, ஆனாலும் அழுகையா வருது பாருங்க. என்னமா பேசுது! பேரப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க வாத்தியாரே தேட வேணாம்.” ஹாலில் கௌஸ் முகைதீன், “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!” என்று தொடையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வாப்பாவின் சத்தம் கேட்கவில்லை. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னத் எழுந்தாள். “கையெல்லாம் எண்ணெயா இருக்கு. பாத்ரூம் எங்கே, காட்டு” என்று ஷஹீராவைத் தள்ளிக்கொண்டு போனாள். குளியலறைக்கு முன்னால் இருந்த சின்ன நடையில் நின்றார்கள். ஷஹீராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டுவிட்டாள், ஒருத்தி கேட்டுவிட்டாள்!

“வாப்பான்னு அந்த நாடகத்துல இல்லை” என்றாள் ஜன்னத்.

“இல்லை ராத்தா.”

“கல்யாணம் வேணாம்னதும்?”

“அதுவும் இல்லை. அது நானாச் சொன்னது.” ஷஹீரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ராத்தா, உங்க தம்பி மேல எனக்கு ஒண்ணும் இல்லை. அவரை எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க உங்க உம்மாகிட்டச் சொல்லுங்க. இந்தப் புள்ளெக்கு இஷ்டம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத்தான் வெளங்குச்சு. இங்க வேற யாருக்கும் இங்கிலீஷ் வெளங்கல.”

ஜன்னத் கையை உதறவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஷஹீரா எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

“இங்கிலீஷ் வெளங்காததாலதான் கேக்கலன்னு நெனைக்கிறியா?” என்றாள். “எனக்கும் மெட்ராஸ்ல காலேஜ் சீட் கிடைச்சுது. எனக்குச் சொல்ல நாடகம் ஒண்ணும் இல்லை. நான் தமிழ்லதான் சொன்னேன். உம்மா, வாப்பா, மாமா, பெரியவங்க எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. நடுவுல நின்னு வேணாம்னு சொன்னேன். எல்லாருக்கும் நல்லா வெளங்குச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? இதோ நிக்கிறேன். மூணு புள்ளெ.”

அறையிலிருந்து அஸீமின் உம்மாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. ஜன்னத் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் போய்ச் சொன்னா எங்க உம்மா சிரிப்பாங்க. சின்னப் புள்ளைங்க முதல்ல அப்படித்தான் சொல்லும், பேறுகாலம் ஆனா சரியாப் போகும்னு சொல்வாங்க. என்னைப் பத்தியும் இதத்தான் சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா உன் வாப்பாகிட்ட நீயே சொல்லு. வேஷமெல்லாம் வேணாம், தமிழ்ல சொல்லு. எங்கேயாவது ஒரு தடவையாவது நடக்குதான்னு நானும் பாக்கணும்.”

அந்த நேரம் பார்த்து வாப்பா அடுப்படிக்கு வந்தார். டீ எடுக்க வந்தவர், நடையில் வேற்றுப் பெண் நிற்பதைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார். ஜன்னத் ஷஹீராவின் தோளை லேசாகத் தள்ளினாள். அவ்வளவு லேசான தள்ளலுக்கே ஷஹீரா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வாப்பா டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, தலையில் புதுத் தொப்பி. மகள் வந்ததைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது, கை நின்றது.

ஷஹீராவுக்கு மூன்று பேச்சில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. கெஞ்சவும் வரவில்லை, எதிர்க்கவும் வரவில்லை.

“வாப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்” என்றாள்.

இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் அத்தனை நாள் ஆயிற்று. சொன்னதும், பூமி பிளக்கவில்லை, வாப்பா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. தட்டை அடுப்புத் திட்டில் வைத்தார்.

“தெரியும்மா” என்றார்.

ஷஹீரா அவரையே பார்த்தாள்.

“அன்னைக்கு மேடையிலயே தெரியும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது மவளே. நீ அழுறது தெரியாதா? நடிச்சு அழுறதுக்கும் நெசமா அழுறதுக்கும் பெத்தவனுக்கு வித்தியாசம் தெரியாதா? அதுக்கு முன்னாலயும் தெரியும். சாப்பிடுறப்போ காலேஜ் படிக்கணும்னு சொன்னியே, அன்னைக்கே தெரியும்.”

“அப்போ ஏன் வாப்பா?”

வியாபாரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வைத்திருக்கிற மனிதர், மகள் கேட்டதற்குப் பதில் தேடிச் சுவரைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். “ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா” என்றார் கடைசியில். “எங்க வாப்பா ராத்தாமாருக்கு இப்படித்தான் செஞ்சாரு. ஊரே இப்படித்தான் செய்யுது. இதை விட்டா ஒரு பொம்பளப் புள்ளைக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. உன்னைப் படிக்க வச்சேன்னு வை, அதுக்கப்புறம் என்ன? உனக்குப் பின்னால ரெண்டு நிக்குது. எனக்கு வீடு கட்டத்தான் தெரியும். கட்டிட்டேன்.” கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது. துடைக்கக்கூட இல்லை. “நீ அழுவே, நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன். வாப்பாவ ஏசிக்கோ, மவளே. உனக்கு உரிமை இருக்கு.”

இதற்கு மேல் என்ன பேசுவது? தெரியாதவரிடம் என்றால் சொல்லலாம், புரியாதவருக்கு விளக்கலாம். எல்லாம் தெரிந்து, புரிந்து, கூடவே நின்று அழுகிறவரிடம் சொல்வதற்கு எந்த மொழியில்தான் வசனம் இருக்கிறது?

“சதக்கத்துல்லா!” என்று ஹாலிலிருந்து கௌஸ் முகைதீன் கூப்பிட்டார். “டீ வடிக்கப் போனீரா, தேயிலை பறிக்கப் போனீரா? இங்க சங்கிலி போட்டு நிச்சயத்த முடிச்சிரலாமான்னு கேக்குறாங்க!”

வாப்பா மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி ஏதும் இல்லை.

“போடச் சொல்லுங்க காக்கா” என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து டீ சிந்தியது.

அடுப்படி வாசலில் ஜன்னத் நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். ஷஹீராவின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள், தாவணியைத் தலையில் சரியாகப் போட்டுவிட்டாள், கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளையின் அக்காள்தான் பெண்ணுக்குச் சங்கிலி போட வேண்டும், அதுதான் முறை. அஸீமின் உம்மா சிவப்பு டப்பாவைத் திறந்து மகளிடம் கொடுத்தாள். ஜன்னத் ஷஹீராவின் பின்னால் போய் நின்றாள். சங்கிலி கழுத்தில் விழுந்தது. கொக்கி மாட்டவில்லை. ஜன்னத்தின் விரலிலிருந்து ஒரு தடவை தவறியது, மறு தடவையும் தவறியது. “என்ன இது, சீக்கிரம் போடு, எல்லாரும் காத்திருக்காங்கல்ல” என்றாள் அஸீமின் உம்மா.

பின்னலில் கொக்கி சிக்குகிறது என்பது ஷஹீராவுக்குத் தெரிந்தது. அவளே கையைப் பின்னால் கொண்டுபோய், பின்னலைத் தூக்கிப் பிடித்து, கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.